தீபாவளிக்கு மறுநாள்: முதியோர் இல்லங்களும் பண்டிகைகளும்

தீபாவளி அன்று காலை ஒன்பது மணிக்கு முதியோர் இல்லம் ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். முதல் கார் வந்து நிற்கும். இனிப்புப் பெட்டிகள், ஒரு கட்டுப் புடவை, கூடவே ஒரு பேனர். பத்தரைக்குக் கல்லூரி மாணவர்கள் ஸ்பீக்கர் பெட்டியோடு வருவார்கள். பதினொன்றரைக்கு ஏதோ ஒரு சங்கத்தின் நிர்வாகிகள். அவர்கள் கையிலும் இனிப்புப் பெட்டிதான். மதியச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்ட குடும்பம் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒன்றரைக்கு வந்து சேரும். கூடத்தில் வரிசையாக உட்கார வைத்த பாட்டிகளும் தாத்தாக்களும் பன்னிரண்டு மணியிலிருந்து அதே நாற்காலியில் இருப்பார்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் பாடுவார், படம் எடுப்பார்கள், பிறகு இலை போடுவார்கள். நான்கு மணிக்கு வாசல் காலி.

மறுநாள் யாரும் வருவதில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மேசைமேல் அடுக்கிய லட்டும் மைசூர்பாகும் மிஞ்சிக் கிடக்கும். புதுப் புடவைகள் பீரோவுக்குள் போய்விடும். கூடத்துத் தொலைக்காட்சி வழக்கம்போல ஓடும். அடுத்த கூட்டம் அநேகமாகக் கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு வாக்கில்தான். சில ஆண்டுகளாகத் தன்னார்வலர்களோடு இல்லங்களுக்குப் போய்வருகிற எனக்குப் பண்டிகை நாளைவிட இந்த மறுநாள்தான் மனதில் நிற்கிறது. வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு வந்தவர்கள். அவர்கள் வருகை ஏன் ஒரே நாளில் குவிகிறது, உள்ளே இருப்பவர்களுக்கு அது என்ன செய்கிறது, இதே உழைப்பையும் பணத்தையும் வைத்து வேறு எப்படிச் செய்யலாம் என்று யோசித்ததில் எழுந்தது இந்தக் கட்டுரை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதை எட்டியவர்கள் 10.4 விழுக்காடு, ஏறக்குறைய 75 லட்சம் பேர். மத்திய அரசின் கணிப்புப்படி 2021இல் அது 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 ஆகும். கேரளத்துக்கு அடுத்தபடியாக மூப்படைந்துவரும் பெரிய மாநிலம் நம்முடையது. இவர்களில் இல்லங்களில் வாழ்பவர்கள் சிறு பகுதிதான். ஆனால் பிள்ளைகள் ஒருவர் இருவராகக் குறைந்து, அவர்களும் வேலை தேடி வெளியூர், வெளிநாடு போன பிறகு அந்தப் பகுதி வளர்ந்துகொண்டே வருகிறது. கோவைப் பக்கம் கட்டப்பட்டிருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் நீச்சல் குளமும் நூலகமும்கூட உண்டு. நான் சொல்லவருவது அவற்றைப் பற்றி இல்லை. நன்கொடையை நம்பி நடக்கும் இலவச இல்லங்கள், மாதம் ஒரு சிறு தொகை வாங்கும் இல்லங்கள், இவற்றைப் பற்றித்தான்.

சட்டம் இந்த விஷயத்தை அடியோடு மறந்துவிடவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, தன் 19ஆம் பிரிவில் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, அதில் குறைந்தது 150 ஆதரவற்ற முதியோருக்காவது இடம் என்று பேசுகிறது. இல்லங்கள் எப்படி நடக்க வேண்டும் என்ற திட்டத்தை மாநில அரசு வகுக்கலாம் என்று சொல்லும் இடத்தில், மருத்துவ வசதியையும் பொழுதுபோக்கையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மாத்திரைக்குச் சமமாகப் பொழுதை வைத்த வரி அது. நடைமுறையில் பொழுதுபோக்கு என்றால் ஒரு தொலைக்காட்சி, இரண்டு நாளிதழ், அலமாரியில் ஒரு கேரம்போர்டு என்று சுருங்கிவிட்டது. பிரிட்டனில் பராமரிப்பு இல்லங்களில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருப்பது வழக்கம். இன்று யாருக்கு எந்த வேலையில் மனம் போகும் என்று பார்த்து ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு. நம் சிறிய இல்லங்களில் சமையல், குளிப்பாட்டுதல், துணி துவைத்தல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போதல் எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால்தான் பொழுது. மிஞ்சுவதில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்புவது நன்கொடையாளர்கள். அவர்கள் வருகையின் கணக்கு இப்படி அமைகிறது. பல இல்லங்களில் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு நாள் சாப்பாடு என்று தொகை எழுதிய பலகை இருக்கும், நாள் குறிக்க ஒரு நோட்டு இருக்கும். பிள்ளையின் பிறந்தநாள், தம்பதியின் திருமண நாள், அப்பாவின் திதி, இப்படித் தங்கள் வீட்டு நாளைப் பார்த்து ஒருவர் எழுதிவைப்பார். பண்டிகை நாட்களுக்குப் போட்டி அதிகம். சித்திரையிலோ ஆனியிலோ ஒரு சாதாரண புதன்கிழமையை யாரும் கேட்பதில்லை.

ஆக, இல்லத்தில் ஓடுவது வெளியே இருப்பவர்களின் காலண்டர். உள்ளே இருக்கும் ஒரு பாட்டி யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிடுகிறார். யாரோ ஒருவருடைய தகப்பனாரின் ஆன்மா சாந்தியடையக் கைகூப்புகிறார். அவருடைய பிறந்தநாள் எது என்று கேட்டால் பதிவேட்டில் ஆதார் அட்டையிலுள்ள தேதி இருக்கும். அது பல சமயம் வயதைக் குத்துமதிப்பாகப் போட்டு எழுதிய தேதி. அவரிடமே உட்கார்ந்து கேட்டால் வேறு விதமாகப் பதில் வரும்: "ஆடி மாசம், கேட்டை நட்சத்திரம். பெருமழை பெஞ்ச வருஷம்னு எங்கம்மா சொல்லும்." அந்த ஆடிக் கேட்டையைக் குறித்துவைத்துக்கொண்டு, அன்று அவருக்குப் பிடித்த ஒரு பண்டத்தை அவர் பேர் சொல்லிச் செய்ய ஐம்பது ரூபாய்கூட ஆகாது. கேட்க நேரம்தான் வேண்டும்.

இங்கே பழைய ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1976இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்டது. ஓர் ஓய்வு இல்லத்தில் 40 முதியவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார். மூன்று பிரிவினரைக் கல்லூரி மாணவர்கள் வந்து பார்த்தார்கள். முதல் பிரிவில் மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதை முதியவரே முடிவு செய்தார். இரண்டாம் பிரிவில் எப்போது வருவார் என்பது முன்கூட்டியே தெரியும், முடிவு அவர் கையில் இல்லை. மூன்றாம் பிரிவில் மாணவர் எதிர்பாராமல் வந்து போனார். நான்காம் பிரிவுக்கு வருகையே கிடையாது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் இரண்டு பிரிவினரின் உடல்நிலையும் உற்சாகமும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. எதிர்பாராமல் வந்து போனவர்களால் அந்த அளவு பயன் இல்லை. வரப்போகிறார் என்று தெரிந்து காத்திருப்பதே வாழ்க்கைக்கு ஒரு பிடிமானம் ஆகிவிடுகிறது.

அந்த ஆய்வோடு நிறுத்தியிருந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். 1978இல் ஷுல்ஸும் பார்பரா ஹனுசாவும் தொடர்ச்சியை வெளியிட்டார்கள். ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவதும் நின்ற பிறகு, முன்பு நன்றாகத் தேறியிருந்த அந்த இரண்டு பிரிவினரின் நிலைமைதான் சரிந்தது. மற்றவர்களிடம் அப்படிச் சரிவு இல்லை. கிடைத்த பிடிமானம் சொல்லாமல் கொள்ளாமல் கையிலிருந்து நழுவியது. சிறிய ஆய்வுதான், ஒரே ஓர் இல்லத்தில் நடந்தது. ஆனாலும் தன்னார்வலர்கள் எல்லாரும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டிய முடிவு. ஆறு வாரம் ஒழுங்காகப் போய்விட்டுத் தேர்வு வந்தது, வேலை வந்தது என்று நின்றுவிடுவதைவிட, மாதம் ஒருமுறை என்று சொல்லிவிட்டு ஆண்டு முழுக்கப் போவது மேல். நிறுத்த வேண்டிவந்தால் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, பதிலுக்கு ஓர் ஆளையும் கூட்டிப்போய் அறிமுகப்படுத்திவிட்டு நிறுத்தலாம்.

அதே 1976இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட் மாநிலத்தின் ஓர் இல்லத்தில் செய்த ஆய்வு இன்னும் பேர் பெற்றது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை நீங்களே ஒழுங்குசெய்யுங்கள், விருப்பம் இருந்தால் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள், எந்த நாள் படம் பார்க்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், படமும் போட்டார்கள். எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். முதல் தளத்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். அவர்கள் இறப்பும் குறைவு என்று பிறகு வெளியான கணக்கில் ஒரு பிழை இருந்து திருத்தப்பட்டது, அதனால் அந்தப் பகுதியை நான் பிடித்துக்கொள்ளவில்லை. செடிக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் நம் பண்டிகைகள் எல்லாம் அப்படித் தண்ணீர் ஊற்றும் வேலைகளால் ஆனவை. பொங்கல் என்பது தை முதல் நாள் காலை பால் பொங்கும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் கிடையாது. பத்து நாளைக்கு முன்பே பரணை ஒழிப்பது, போகிக்கு வேண்டாததைக் கழிப்பது, மொச்சையும் அவரையும் உரிப்பது, காப்புக் கட்டக் கூரைப்பூவும் வேப்பிலையும் சேகரிப்பது, கோலப்பொடி சலிப்பது, எந்தப் பானை, யார் வீட்டு வெல்லம் என்று வாதம் செய்வது, இவை எல்லாம் சேர்ந்ததுதான். எழுபது வருடம் அதைச் செய்த கைகள் இல்லத்தில் சும்மா இருக்கின்றன. பொங்கல் தயாராக எவர்சில்வர் அண்டாவில் வந்து இறங்குகிறது.

கைகளுக்கு இருக்கும் நினைவைப் பற்றி நரம்பியல் தெளிவாகவே பேசுகிறது. பழகிய செயல்களின் நினைவு, பேர்களையும் நிகழ்ச்சிகளையும் வைத்திருக்கும் நினைவிலிருந்து வேறு பாதையில் தங்குகிறது. மறதி நோயில் பின்னதுதான் முதலில் போகும். காலையில் சாப்பிட்டதைச் சொல்ல முடியாத ஒரு பாட்டியின் மடியில் மல்லிகையையும் வாழைநாரையும் வைத்தால் விரல்கள் தாமாக முடிச்சுப் போடத் தொடங்கும். மார்கழியில் நாளுக்கு ஒன்றாக முப்பது திருப்பாவைப் பாசுரங்களைப் பாடி வளர்ந்தவருக்கு முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தால் போதும். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, புளி கொட்டை எடுப்பது, பருப்பில் கல் பொறுக்குவது எல்லாம் இப்படித்தான். இல்லத்து நிர்வாகிகள் சிலர் இதற்குத் தயங்குகிறார்கள். வயதானவர்களை வேலை வாங்குகிறார்கள் என்று பார்ப்பவர்கள் பேசுவார்களே என்ற பயம். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. கேட்டுவிட்டு, விரும்பியவர் மட்டும், விரும்பும் நேரம்வரை என்று வைத்தால் அதில் பழி வர இடமில்லை.

பண்டிகைகளில் ஓர் இல்லத்துக்கு மிகவும் பொருந்துவது எது என்று என்னைக் கேட்டால் நவராத்திரி என்பேன். பட்டாசு இல்லை, விடியற்காலைக் குளியல் இல்லை, ஒரே நாளில் முடிவதும் இல்லை. ஒன்பது நாள் மெதுவாக நகர்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், பாடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கொலு வைத்த வீட்டுக்குத்தான் மற்றவர்கள் வர வேண்டும். அந்த ஒன்பது நாளும் இல்லவாசிகள் விருந்தாளிகளை வரவேற்கும் வீட்டுக்காரர்கள். வருகிறவர்களுக்குச் சுண்டலை அவர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். தினமும் வாங்கிப் பழகிவிட்ட கை அன்று கொடுக்கிறது.

படி ஐந்தா ஏழா என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்யட்டும். மரப்பாச்சிக்குப் புடவை கட்ட, கடுகு தூவிப் பூங்கா முளைக்க வைக்க, செட்டியார் பொம்மை முன்னால் அரிசி பருப்பு அடுக்க ஆளுக்கு ஒரு வேலை இருக்கிறது. நடமாட முடியாதவருக்குக்கூட மடியில் ஒரு தட்டில் கடுகு முளைப்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கொடுக்கலாம். நாள்தோறும் பார்த்துக்கொள்ள ஒன்று.

இதில் ஒரு முள் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் உண்மை சொன்னதாகாது. இல்லங்களில் இருக்கும் பெண்களில் மிகப் பலர் கணவரை இழந்தவர்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் கொடுப்பதில் சுமங்கலிகளுக்கு மட்டும் என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கொலுவுக்கு வரும் நல்லெண்ணம் கொண்ட ஒரு பெண்மணி, யோசிக்காமல் தட்டை நீட்டும்போது ஒருவரைத் தாண்டி அடுத்தவரிடம் போனால், அந்த ஒரு நொடியில் ஒன்பது நாளும் பாழாகிவிடும். எல்லாருக்கும் தாம்பூலம் உண்டு, பூ உண்டு, வேண்டாம் என்பவர் தாமே சொல்லட்டும் என்பதை முதல் நாளே இல்லம் தீர்மானித்து, வருகிறவர்களிடமும் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். பூவைத் தொட்டு முப்பது வருடமானவர்கள் இருக்கிறார்கள். சிலர் வாங்கித் தலையில் வைப்பார்கள், சிலர் கையில் வைத்துக்கொண்டு மோந்து பார்ப்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். மூன்றும் அவரவர் விருப்பம்.

தாத்தாக்களை மறந்துவிடக் கூடாது. பண்டிகை வேலை என்றால் சமையலும் பூவும் என்று போய்விடுவதால் ஆண்கள் ஓரமாகப் பேப்பரோடு ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆயுத பூஜை இருக்கிறது. லாரி ஓட்டியவர், மில்லில் நின்றவர், தையல் மிஷின் மிதித்தவர், கணக்கு எழுதியவர் எல்லாரும் அந்த நாளில் ஆயிரம் கதை வைத்திருப்பார்கள். இல்லத்தின் சக்கர நாற்காலிகளையும் வாக்கர்களையும் துடைத்து, திருகு தளர்ந்ததை முறுக்கி, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிறுத்தலாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, சமையலறை அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு. தேய்ந்துபோன ரப்பர் அடியோடு ஓடிக்கொண்டிருக்கும் வாக்கர்கள் அன்றாவது கண்ணில் படும். வழுக்கி விழுவதற்கு அந்த ரப்பரும் ஒரு காரணம்.

தீபாவளிக்கு வருவோம். எங்கள் வீடுகளில் விடியற்காலையில் மூத்தவர் மணையில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைப்பார். இல்லத்தில் யார் யாருக்கு எண்ணெய் வைப்பது? இருப்பதிலேயே மூத்த பாட்டி, மற்றவர்களுக்கும் ஆயாக்களுக்கும் உச்சியில் ஒரு சொட்டு வைக்கலாம். ஒரு சொட்டு போதும். நாலு மணி இருட்டில் எண்ணெய்த் தலையோடு ஈரமான குளியலறைக்கு 80 வயதுக்காரரை அனுப்புவது இடுப்பு எலும்பு முறிவுக்கு வழி. குளியல் விடிந்த பிறகு வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். தீபாவளி லேகியத்துக்கு இஞ்சியா சுக்கா, ஓமம் எவ்வளவு, திப்பிலி போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஓர் அளவு சொல்லுவார்கள், ஒரு மாலை முழுக்கப் பேச்சு ஓடும்.

பட்டாசுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் அறிவித்தது. அந்த நேரத்துக்கு வெளியிலும் வெடிச் சத்தம் கேட்கும் என்பது தெரிந்ததே. ஆனால் உச்சமான நேரம் முன்கூட்டியே தெரிவதால் ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு உள்ளவர்களின் அறை ஜன்னல்களை மூடிவைக்கலாம். மறதி நோய் உள்ளவருக்கு அந்தச் சத்தம் என்னவென்றே புரியாது. பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். காதுக் கருவி போட்டவர் அதைக் கழற்றிக்கொள்ள உதவ வேண்டும், அது வெடிச் சத்தத்தையும் பெரிதாக்கிவிடும். கூடத்தில் மாணவர்கள் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் இதே விதிதான்.

சாப்பாட்டு நேரம் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டவர் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வேண்டும். நன்கொடையாளர் வரவில்லை, பேச்சு முடியவில்லை என்று இரண்டு மணிவரை உட்கார வைத்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழறல். வயதானவர்களிடம் அந்தக் குழறலை மறதி என்று நினைத்து விட்டுவிடும் ஆபத்தும் உண்டு. விருந்து தாமதமானால் இல்லத்துச் சமையலறை வழக்கமான நேரத்தில் இரண்டு இட்லியாவது கொடுத்துவிட வேண்டும், நன்கொடையாளர் என்ன நினைப்பார் என்று பார்க்கக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் நடுக்குவாதம் உள்ளவர்களுக்கும் விழுங்குவதில் சிரமம் இருக்கும். அவர்களுக்கு முழுக் கொண்டைக்கடலைச் சுண்டலும் முறுக்கும் தொண்டையில் அடைக்கக்கூடியவை. நன்றாகக் குழைந்த பொங்கல், மசித்த பழம் போன்றவற்றை நிமிர்ந்து உட்கார வைத்துச் சிறு கரண்டியில் கொடுக்கலாம். கரும்பைக் கடிக்க முடியாதவருக்குச் சாறு. வரும்போது மூன்றாவது இனிப்புப் பெட்டி கொண்டுவருவதற்கு முன்னால் இல்லத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

காணும் பொங்கல் இன்னொரு நல்ல வாய்ப்பு. பெரியவர்களைப் போய்ப் பார்த்து, காலில் விழுந்து, காசு வாங்கிக்கொள்ளும் நாள் அது. இல்லத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பிள்ளைகள் கையில் பழமும் பிஸ்கட்டும் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக முந்தின நாளே இல்லவாசி ஒவ்வொருவரிடமும் பத்துப் புதுப் பத்து ரூபாய் நோட்டுகளைக் கொடுத்துவைத்தால், மறுநாள் வரும் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசி, "நல்லா இருப்பா" என்று சொல்லிக் காசு கொடுப்பது அவர்களாக இருக்கும். பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் வந்துகொண்டிருந்த காலத்தை அன்று பல பாட்டிகள் நினைப்பார்கள். அண்ணன் தம்பிகள் போய்ச்சேர்ந்திருப்பார்கள். அந்த நினைப்பில் கண் கலங்கினால் உடனே பாட்டுப் போட்டுத் தேற்ற ஓடாமல், பக்கத்தில் உட்கார்ந்து என்ன சீர் வந்தது என்று கேட்கலாம்.

பண்டிகை நாள்தான் இல்லங்களில் அழுகையும் அதிகம். "இந்தத் தீபாவளிக்கு வரேன்னிருக்கான்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அன்று மாலை பேசாமல் படுத்துவிடுவார். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பேரன் பேத்தி வந்து போனால் யாரும் வராதவருக்கு அந்த அரை மணி நேரம் கடப்பது கஷ்டம். அந்த நேரம் பார்த்து அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆண்டில் மகனையோ மகளையோ பறிகொடுத்தவர் வீட்டில் இருந்திருந்தால் பண்டிகை கொண்டாடியிருக்க மாட்டார். இல்லத்தில் அவரையும் புதுப்புடவை கட்டிக் கூடத்தில் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய தவறு! வராமல் அறையில் இருக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. புகைப்படமும் அப்படித்தான். தான் இல்லத்தில் இருப்பது ஊரில் தெரியக் கூடாது என்று மறைத்து வாழ்பவர்கள் உண்டு. கொடுக்கிற புடவையைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்கச் சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எல்லா மதத்தவரும் சேர்ந்து இருக்கும் இல்லங்களில் ஒருவர் பண்டிகையில் மற்றவர் கலந்துகொள்வது எளிதாகவே நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் குடில் கட்ட வைக்கோல் கொண்டுவர மற்ற பாட்டிகள் போட்டிபோடுவார்கள். நோன்புக் கஞ்சிக்கு எல்லாருக்கும் ருசி உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் மகாளய அமாவாசையும் ஒரு விஷயத்துக்கு உதவும்: அந்த ஆண்டில் இல்லத்திலேயே இறந்தவர்களின் பேரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றலாம். வெளியார் திதிச் சாப்பாட்டையே ஆண்டெல்லாம் சாப்பிட்டவர்களுக்கு, தங்கள் பேரையும் ஒருநாள் யாராவது சொல்லுவார்கள் என்று தெரியும்.

இதையெல்லாம் செய்ய வேண்டிய ஆயாக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தீபாவளி அன்று காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்த பெண்ணின் பிள்ளைகள் வீட்டில் அம்மா இல்லாமல் இருக்கிறார்கள். வருகிற கூட்டம் போட்டுவிட்டுப் போகும் இலையையும் காகிதத்தையும் அள்ளுவதும் அவர்தான். தன்னார்வலர்கள் அன்று பாட்டுப் பாடுவதைவிட, நாலு மணி நேரம் பரிமாறி, பாத்திரம் தேய்த்து, அந்தப் பெண்ணை மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தால் அது பெரிய உதவி.

நாள் நேரத்தைப் பற்றி ஒன்று. மறதி நோய் உள்ளவர்களுக்கு மாலை சாயும் வேளையில் பதற்றமும் தடுமாற்றமும் கூடும். அவர்களுக்கான கொலுப் பாட்டு, கோலம், பூக்கட்டு எல்லாம் காலை பத்து பதினொரு மணிக்கு, ஐந்தாறு பேராக. மற்றவர்களுக்கு மாலை ஐந்து மணி.

போக விரும்புகிறவர்கள் இல்லத்துக்குப் போன் செய்யும்போது, தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக எந்தக் கிழமை யாரும் வருவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். செவ்வாய் என்பார்கள், வியாழன் என்பார்கள். அந்தக் கிழமை மதியத் தூக்கம் முடிந்து மூன்றரைக்குப் போங்கள். கையில் ஒரு கிலோ மொச்சையோ, ஒரு பை உதிரிப் பூவோ, தாயக்கட்டையோ இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். இப்படி வந்து போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுவார். எனக்கு ஒருமுறை காய்ச்சல், ஒரு வாரம் போகவில்லை. அடுத்த வாரம் போனதும் ஒரு பாட்டி மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஏன்டா போன செவ்வாக்கிழமை வரல?"